ஒரு நிமிடம் பத்து வினாடி

ரேடியோவில் இரண்டு நிமிடம் என்றார்கள். வாத்தியார் பலகையில் ஒரு நிமிடம் பத்து வினாடி என்று எழுதினார்.

எண்கள் வழக்கம்போல அச்சடித்த மாதிரி விழுந்தன. பள்ளியில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதும் கை அது. வருடத்தில் ஐந்து நாள் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு, சைக்கிள் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து கறுப்புப் பலகை பிடிக்கும். முன்னால் தப்பித்து ஓடுகிறவனுக்கும் பின்னால் துரத்துகிற கூட்டத்துக்கும் எத்தனை நிமிடம் இடைவெளி என்று ரேடியோ சொல்லும். அதை எழுதி முதலில் முன்னால் போகிறவனிடம் காட்ட வேண்டும். பிறகு வேகத்தைக் குறைத்து, கூட்டம் வந்ததும் அவர்களுக்கும் காட்ட வேண்டும். இந்தப் பந்தயத்தில் வீரர்கள் காதில் எதையும் மாட்டிக்கொள்ளக் கூடாது. பலகை சொல்வதுதான் வேதவாக்கு.

முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தவன் கொக்கு. காலும் கழுத்தும் நீளம் என்பதால் அந்தப் பெயர். வாத்தியாருடைய மனைவியின் தம்பி. ஐந்து நாள் பந்தயத்தில் அன்று நான்காம் நாள். காலையிலிருந்து வந்த மூன்று மலைகளிலும் அவன்தான் முதலில் ஏறினான். மலையேற்றத்தில் அதிகப் புள்ளி எடுத்தவனுக்குத் தரும் பச்சைச் சட்டை கிட்டத்தட்ட அவன் பையில். இனி இருபத்திரண்டு கிலோமீட்டர். கடைசி மூன்று கிலோமீட்டர் மட்டும் மேடு. தாக்குப்பிடித்தால் அன்றைய நாளும் அவனுடையது. ஆறு வருடமாக ஓட்டுகிறான். ஒரு நாள்கூட முதலில் வந்ததில்லை.

அணியின் கார் பின்னால் டயர் வெடித்த இன்னொருவனுக்காக நின்றுவிட்டது. கொக்குவுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. வாத்தியாரும் பலகையும்தான்.

அவன் மிதித்த விதம் வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. தோள் ஆடவில்லை. வாய் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கிறவன் மாதிரி இருந்தான். வீட்டுக்கு வந்தால் சோபாவின் கைப்பிடியில் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, "அக்கா, தண்ணி" என்று கிடந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பவன். கெட்டிக்காரன்தான், உடம்பு வணங்காது என்பது வாத்தியாரின் முடிவு. அவனுடைய பதினைந்தாவது வயதில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது எடுத்த முடிவு.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அவரிடம் ஒரு மருந்து உண்டு. அரையாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் குறைத்துப் போடுவார். பையன் பயந்துபோய் முழுப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிப்பான். பலன் தப்பியதே இல்லை. யாரும் வந்து கேட்டதும் இல்லை.

பலகையைத் தூக்கிக் காட்டினார். கொக்கு பார்த்தான். முகம் மாறியது. எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தான்.

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டார். பலகையைத் துடைத்து இரண்டு நிமிடம் என்று சரியாக எழுதி, பின்னால் வந்த கூட்டத்துக்குக் காட்டினார்.

பத்து கிலோமீட்டர் கழித்து மறுபடி முன்னால் போனபோது ரேடியோ இரண்டு நிமிடம் இருபது என்றது. மருந்து வேலை செய்துவிட்டது. ஆனால் உள்ளதை இப்போது எழுதினால், நடுவில் ஒரு நிமிடம் எங்கிருந்து முளைத்தது என்று பையன் யோசிப்பான். ஒரு நிமிடம் இருபது என்று எழுதினார். பத்து கிலோமீட்டர் உயிரைக் கொடுத்து மிதித்தவன், தனக்குக் கிடைத்தது பத்தே வினாடி என்று படித்தான். தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு பலகையைப் பார்க்கவே இல்லை.

கடைசி மேட்டில் தொடை பிடித்துக்கொண்டது. ஒரு காலால் மிதித்தான். மறு காலைக் கையால் குத்தினான். முடிவுக் கோட்டுக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது பதினொரு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் ஓட்டுநர் தலைக்கவசத்தைக் கழற்றினார். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். அன்று மெதுவாகக் கேட்டார்.

"வாத்தியாரே, என் ரேடியோவுல ரெண்டுன்னாங்க."

வாத்தியார் பலகையைத் துணியால் துடைத்தார்.

"நீங்க எழுதறதை வண்டிக் கண்ணாடியில பாத்தேன். மத்த நம்பரெல்லாம் திருப்பித்தான் தெரியும். ஒன்னு மட்டும் எப்படிப் பாத்தாலும் ஒன்னுதான்."

"துடைச்சாச்சு. விடுங்க."

"எனக்கென்ன வந்துச்சு. எனக்கு முன்னாடி இருக்கற ரோடுதான் தெரியும்."

ஐந்து மணிக்கு விடுதியின் மூன்றாம் மாடி நடைவழியில் கொக்கு வந்து பிடித்துக்கொண்டான். குளித்த ஈரம் காயவில்லை. காலில் செருப்பு இல்லை.

"அத்தான், ஒன்னே ஒன்னு கேக்கறேன். இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது நீங்க காட்டினது ஒன்னு பத்துதானே?"

"ஏன்?"

"எல்லாரும் ரெண்டுங்கறாங்க. கூட்டத்துல வந்த அத்தனை பேரும். போர்டுலயே பாத்தோம், ரெண்டு நிமிஷம் கொட்டை எழுத்துல இருந்துச்சுங்கறாங்க. டீம் மேனேஜர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. ரெண்டு நிமிஷத்தைக் கையில வச்சுக்கிட்டு எவன்டா பேய் துரத்தற மாதிரி ஓட்டுவான்னு. எனக்கு ஒன்னுன்னுதான் தெரிஞ்சுது அத்தான். சத்தியமா."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நடைவழியில் வேறு ஆள் இல்லை. எதிரில் நின்றது மனைவியின் தம்பி. கன்னத்தில் இரண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"ரெண்டுதான் எழுதினேன்" என்றார் வாத்தியார். "வெயில் முகத்துல அடிச்சுதில்ல. நீ சரியா பாத்திருக்க மாட்ட."

கொக்கு தலையாட்டினான். ஒரு முறை அல்ல, நான்கைந்து முறை.

"ரெண்டு தடவையும் தப்பா பாத்தேனா?"

"களைப்பு. போய்ப் படு."

"சரி அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். சுவரைத் தொட்டுக்கொண்டே போனான்.

ஏழு மணிக்கு மனைவி போனில் வந்தாள்.

"ஏங்க, தம்பி பேசினான். முந்தாநேத்து கீழ விழுந்து தலைக்கவசம் உடைஞ்சுதாமே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சின்ன அடி. டாக்டர் பாத்துட்டாரு."

"இன்னிக்கு போர்டுல இருக்கற நம்பர் மாறித் தெரிஞ்சுதாம். அவனே போய் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கான். நாளைக்கு ஓட்ட விடமாட்டாங்க போலிருக்குன்னு அழறான்." அவள் குரல் தாழ்ந்தது. "அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. கடிகாரத்துல மணி தப்பா பாத்தாரு. நாம சிரிச்சோம். அடுத்த வருஷம் ஆளே இல்ல."

வாத்தியார் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அதெல்லாம் இல்ல. இவனுக்கு அப்படி ஒன்னும் இல்ல."

"நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் நான் தைரியமா இருக்கேன். பாத்துக்கோங்க."

போனை வைத்தபின் கட்டிலில் உட்கார்ந்தார். நிலைமையைக் கணக்கு மாதிரி அடுக்கிப் பார்த்தார். மறுநாள் கடைசி நாள். மலையே இல்லை. கொக்கு எவ்வளவு பின்னால் வந்தாலும் சரி, கோட்டைத் தாண்டினால் பச்சைச் சட்டை அவனுக்கு. சட்டையோடு வந்தால் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் என்று மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். புறப்படவே விடாவிட்டால் சட்டையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இருபத்தைந்து வயதில் தலை கெட்டவன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். அதை யார் துடைப்பது?

உண்மையைச் சொன்னால் இவருக்குப் போவது பலகை. வருடத்தில் ஐந்து நாள். அவ்வளவுதான். அதற்கா இத்தனை நேரம் யோசிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டார். அதற்கில்லை என்பதும் தெரிந்தது. மாணவனிடம் தப்பை ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

காலை ஏழரைக்கு அணி டாக்டரின் அறைக் கதவைத் தட்டினார். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் மடக்கு மேசை போட்டிருந்தார்கள். டாக்டர் மேசையருகே நின்றிருந்தார். ஜன்னலோரம் மேனேஜர், தூங்காத முகத்தோடு. கொக்கு காலுறையோடு ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். முன்னிலையில் இருப்பவன் அன்றன்று போட்டுக்கொள்ளும் பச்சைச் சட்டை நாற்காலியில் மடித்துக் கிடந்தது.

"நூறுலேருந்து ஏழு ஏழா குறைச்சுக்கிட்டே சொல்லு" என்றார் டாக்டர்.

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்தி…" நின்றான். "எழுபத்தொன்னு."

டாக்டர் தாளில் குறித்துக்கொண்டார்.

"அதை வச்சு முடிவு பண்ணாதீங்க சார்" என்றார் வாத்தியார் வாசலிலிருந்து. "பத்தாவது படிக்கும்போதே அவன் அங்கதான் தடுக்குவான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், எனக்குத் தெரியும்."

மேனேஜர் திரும்பினார். "வாங்க வாத்தியாரே. ட்யூஷனை அப்புறம் வச்சுக்கலாம்."

"அவன் தலைக்கு ஒன்னுமில்ல. அவன் பாத்தது சரி. நான் ஒன்னு பத்துன்னுதான் எழுதினேன். அடுத்த தடவை ஒன்னு இருபது. கூட்டத்துக்கு மட்டும் சரியா காட்டினேன்."

கொக்கு கண்ணைத் திறந்தான். தூக்கிய காலைக் கீழே வைத்தான்.

டாக்டர்தான் முதலில் பேசினார். நிதானமான குரல்.

"சார், நேத்து இவர் உங்ககிட்ட வந்து கேட்டப்ப ரெண்டுன்னு சொன்னீங்களாமே."

"பொய் சொன்னேன்."

"இன்னிக்கு சொல்றது நிஜம்."

"ஆமா."

"மச்சான் இன்னிக்கு ஓட்டியாகணும். அதுக்காக நீங்க என்ன வேணாலும் சொல்லுவீங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் சொல்லுவேன். தப்பா எடுத்துக்கல. ஆனா தலையில அடிபட்ட ஆளை உங்க வார்த்தையை நம்பி அம்பது கிலோமீட்டர் வேகத்துல கூட்டத்துக்கு நடுவுல அனுப்ப முடியாது."

வாத்தியார் இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம், சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தார். சொன்ன உண்மை செல்லாக்காசாகக் கிடந்தது.

"எனக்கு நம்பணும்னு ஆசைதான்" என்றார் மேனேஜர். "அதனாலதான் எனக்கே சந்தேகமா இருக்கு."

"நீ சொல்லுடா" என்றார் வாத்தியார் கொக்குவிடம். "நீ பாத்தது என்ன?"

கொக்கு அவரைப் பார்த்தான். "எனக்குத் தெரியல அத்தான். நேத்து மத்தியானம் தெரிஞ்சுது. ராத்திரி பூரா மாத்தி மாத்தி நெனச்சுப் பாத்து, இப்ப ரெண்டுன்னும் தெரியுது, ஒன்னுன்னும் தெரியுது."

வாத்தியார் படியிறங்கி ஓடினார். ஓட்டுநர் சாப்பாட்டு அறையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மென்று விழுங்கிவிட்டு, "நான்தான் சொன்னேனே, எனக்கு முன்னாடி இருக்கற ரோடுதான்…" என்று ஆரம்பித்தார்.

"பையனைப் பைத்தியக்காரன் ஆக்கிட்டேங்க. வந்து சொல்லுங்க."

"சொன்னா உங்களுக்கு அடுத்த வருஷம் சீட்டு இருக்காது."

"தெரியும்."

"எனக்கும் இருக்குமோ என்னமோ. பாத்துட்டு வாயை மூடிக்கிட்டிருந்தவன்னு சொல்லுவாங்க." மீதி ரொட்டியைத் தட்டில் வைத்தார். "சாப்பிடும்போது வந்து கேக்கறீங்க பாருங்க. நடங்க."

ஓட்டுநர் டாக்டரிடம் நான்கே வரி சொன்னார். ரேடியோவில் கேட்டது, கண்ணாடியில் பார்த்தது, இரண்டு தடவையும் ஒன்று, கூட்டத்துக்கு முன்னால் துடைத்து எழுதியது. வழக்கமான வேடிக்கைப் பேச்சு ஒன்றும் இல்லை. அதனாலேயே டாக்டர் நம்பினார் என்று வாத்தியாருக்குத் தோன்றியது.

தலைமை நடுவரை அழைத்தார்கள். ஐம்பது வயது அம்மாள். நின்றபடியே கேட்டார். முடிந்ததும் கையை நீட்டினார். வாத்தியார் கையில் கட்டியிருந்த பந்தய அதிகாரிப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

"நல்ல எண்ணத்துல செஞ்சீங்களோ கெட்ட எண்ணத்துல செஞ்சீங்களோ, எனக்குத் தேவையில்ல" என்றார் நடுவர். "அவங்க அதைப் பாத்துதான் பிரேக் பிடிக்கறாங்க, அதைப் பாத்துதான் உயிரை விடறாங்க. இனிமே எந்த வருஷமும் வராதீங்க." ஓட்டுநரைப் பார்த்தார். "நீங்க இன்னிக்கு ஓட்டுங்க. வேற ஆள் கிடையாது. நாளைக்குப் பேசிக்கலாம்."

டாக்டர் கொக்குவை மறுபடி சோதித்தார். ஒற்றைக் கால், விரல் நுனி, பத்து சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது. நூறிலிருந்து ஏழு ஏழாக இறங்கச் சொல்லவில்லை. ஆறு ஆறாக இறங்கச் சொன்னார். நான்கு வரை தடுக்காமல் வந்தான்.

"போ" என்றார்.

நடைவழியில் கொக்கு சட்டையை மாட்டிக்கொண்டே நடந்தான். வாத்தியார் பின்னால் போனார். அவன் நிற்பான் என்று நினைக்கவில்லை. நின்றான்.

"ஏன் அத்தான்?"

"நீ முழுசா மிதிக்கலன்னு நெனச்சேன். கொஞ்சம் பயந்தா ஓட்டுவன்னு…"

"கடைசி மேட்டுக்கு வச்சிருந்தேன்."

"இப்ப புரியுது."

"இப்ப இல்ல. மூணு மலை ஏறி வந்தவன் காலைப் பாத்தாலே புரிஞ்சிருக்கணும். கூடவேதான் வந்தீங்க." ஜிப்பை இழுத்தான். பாதியில் சிக்கிக்கொண்டது. வாத்தியார் கை நீட்டினார். அவன் விலகி, தானே இழுத்துக்கொண்டான். "ஜெயிக்கலன்னா போகுது. நேத்து சாயங்காலம் வந்து கேட்டேனே. ராத்திரி பூரா எங்கப்பா முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். சுவர்ல மாட்டியிருக்கற கடிகாரத்தை நாற்காலியில ஏறிப் பக்கத்துல போய் பாத்தேன், மணி சரியா தெரியுதான்னு. நாலு தடவை."

வாத்தியார் நீட்டிய கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. உங்களை விட்டுக்கொடுக்க மாட்டா."

படியில் இறங்கிப் போனான். சைக்கிள் காலணியின் அடித்தகடு ஒவ்வொரு படியிலும் டக் டக்கென்றது. கீழ்த்தளம் வரை கேட்டது.

வாத்தியாருக்குப் போக இடமில்லை. அவருடைய பை மோட்டார் சைக்கிளில் இருந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தோடு போய்விட்டது. விடுதி வரவேற்பறையில் டிவிக்கு எதிரே உட்கார்ந்தார். தரையைத் துடைக்க வந்தவள், "காலைத் தூக்குங்க சார்" என்றாள். தூக்கினார். திரையில் ஓட்டுநரின் பின்னால் யாரோ ஒரு பெண் பலகை பிடித்துக்கொண்டிருந்தாள். எழுத்து கோணலாக இருந்தது. எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

மூன்றரை மணி நேரம் பார்த்தார். கூட்டத்தின் நடுவே அவ்வப்போது பச்சை தெரிந்தது. கொக்கு முன்னால் வரவில்லை. யாரோடும் மோதவில்லை. வளைவுகளில் மட்டும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிரேக் பிடித்தான். முன்பெல்லாம் அப்படிப் பிடிக்கிறவன் இல்லை. அறுபத்தெட்டாவதாகக் கோட்டைத் தாண்டினான்.

மேடையில் சட்டையைக் கொடுத்தார்கள். மேனேஜர் கீழே நின்று கைதட்டினார். கொக்கு பொதுவாகக் கையசைத்துவிட்டு இறங்கினான்.

போன் அடித்தது.

"பாத்தீங்களா! எம்பொறந்தவனைப் பாத்தீங்களா!" மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். "தலைக்கு ஒன்னும் இல்லதானே? டாக்டர் என்ன சொன்னாரு? நீங்கதான் பேசி விடவச்சீங்களாமே, மேனேஜர் சொன்னாராம்."

"தலைக்கு ஒன்னும் இல்ல."

"நான் சொன்னேன்ல, நீங்க பக்கத்துல இருந்தா…"

"இரு. நான் சொல்றதைக் கேளு. அவன் நம்பரைச் சரியாத்தான் பாத்தான். நான்தான் தப்பா எழுதினேன்."

"தப்பா எழுதினீங்களா? நீங்களா?" அவளுக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "கை தவறிடுச்சா?"

ஆமாம் என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். அவளே வழியும் திறந்து வைத்திருந்தாள். அவள் தம்பியும் அதை மறுத்துப் பேசமாட்டான். வாத்தியார் எழுந்து, டிவியின் சத்தம் கேட்காத இடத்துக்கு, கதவுக்கு வெளியே போய் நின்றார்.

"கை தவறல. தெரிஞ்சே எழுதினேன். ரெண்டு தடவை. அப்புறம் அவன் வந்து கேட்டப்பவும் பொய் சொன்னேன். நேத்து ஏழு மணிக்கு நீ உங்கப்பாவைப் பத்திப் பேசினப்ப எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் சொல்லாமதான் போனை வச்சேன்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. அழுகையும் நின்றது. எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அவனைச் சோம்பேறின்னு நெனச்சீங்களா?" என்றாள் கடைசியில்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இல்லை. பத்து வருடமாக ஒரே வீட்டில் இருப்பவள்.

"ஆமா."

"எப்பலேருந்து?"

வாத்தியார் சொல்ல வாயெடுத்தார். எப்போதிலிருந்து என்று யோசித்தபோது, நேற்று என்று சொல்ல முடியவில்லை. அவள் காத்திருந்தாள். அவர் அவனுடைய பதினைந்தாவது வயதிலிருந்து ஆரம்பித்தார்.